அவள் பெயரில் ஒரு ஓட்டு

நாப்பத்தேழு. டோக்கன் சீட்டை மடிச்சு மடிச்சு இப்ப அது தீக்குச்சி அளவுக்கு வந்துருச்சு, நம்பர் மட்டும் மனசுல நிக்குது, போர்டுல இப்பதான் நாப்பத்தொண்ணு ஓடுது. இந்தச் சீட்டைக்கூட நான்தான் எடுத்தேன். இந்தத் தேர்தல் ஆபீஸ் வாசல் மெஷின்ல பட்டனை அமுக்க என் பொண்டாட்டி செண்பகம் கையை நீட்டினா, அதுக்குள்ள நான் குறுக்க பூந்து அமுக்கி, சீட்டைக் கிழிச்சு என் சட்டைப்பையில வச்சுக்கிட்டேன். செஞ்ச பிறகுதான் உறைச்சுது. அவ ஒரு பார்வை பார்த்தா, அவ்வளவுதான், வந்து இந்தப் பிளாஸ்டிக் நாற்காலியில உக்காந்து கைப்பையை மடியில வச்சுக்கிட்டா. பைக்குள்ள அந்த லெட்டர் இருக்கு. நான் அதை மனப்பாடமே பண்ணிட்டேன். திருமதி செண்பகவல்லி தனுஷ்கோடி அவர்களுக்கு, உங்கள் ஓட்டுச்சீட்டுக் கவர் மீதுள்ள கையெழுத்து எங்களிடம் உள்ள உங்கள் கையெழுத்தோடு ஒத்துப்போகவில்லை. எப்படி ஒத்துப்போகும்? அது நான் போட்ட கையெழுத்தாச்சே. ஓட்டும் நான் போட்டதுதான். ஓட்டுச்சீட்டு தபால்ல வீட்டுக்கே வரும், வட்டத்தைக் கறுப்பாக்கி கவர்ல போட்டு ஒட்டி, கவர் மேல கையெழுத்துப் போட்டு திருப்பி அனுப்பணும், அதான் இந்த மாநிலத்துல வழக்கம். வீட்டுக்கு ரெண்டு சீட்டு வந்துச்சு. ரெண்டையும் ஒரே பேனாவுல, ஒரே கையால, பத்து நிமிஷத்துல முடிச்சேன். அட, தேர்தல் முடிஞ்சு ரெண்டு நாள் ஆச்சுய்யா. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஓட்டுப்பதிவு முடிஞ்ச அரை மணி நேரத்துல டிவிக்காரன் சொல்லிட்டான், வழக்கமா ஜெயிக்கிற கட்சி வழக்கம்போல ஜெயிச்சுது, நூத்துக்கு எழுபத்தொண்ணு. அமெரிக்காவுல எங்கெங்கயோ நூறு ஓட்டு, இருநூறு ஓட்டு வித்தியாசத்துல காங்கிரஸ்ங்கிற இவங்க பார்லிமென்ட்ல ஒரு இடத்துக்கு மல்லுக்கட்டுறான், இங்க எண்ணுறதுக்கே எவனும் ஆர்வமா இல்லை. இதுல செண்பகத்தோட ஒரு ஓட்டு செல்லுபடியானா என்ன, ஆகாட்டி என்ன? இதைத்தான் இந்த லெட்டர் வந்ததுல இருந்து எனக்கு நானே சொல்லிக்கிட்டு இருக்கேன். சரியாத்தான் சொல்றேன். ஆனா டோக்கனைத் திரும்பப் பிரிச்சுத் திரும்ப மடிக்கிறேன்.

நாப்பத்திரெண்டு. ஒரு பெரியவர் தடியை ஊணிக்கிட்டு எந்திரிச்சுப் போறார். கவுன்டர்ல ஒரு அம்மா, மூக்குக்கண்ணாடியைக் கயித்துல கோத்துக் கழுத்துல போட்டுருக்கு, எல்லாரையும் பார்த்துச் சிரிக்குது. சிரிக்கட்டும். நான் கையெழுத்துப் போட்டது இன்னைக்கு நேத்தா? பத்தொம்பது வருஷமா போடுறேன். இந்த ஊருக்கு வந்த மொத வாரம், வாடகை வீட்டு ஒப்பந்தம், பதினோரு பக்கம், அவ அடுப்படியில கத்திரிக்காய் வதக்கிக்கிட்டு இருந்தா, கையெல்லாம் எண்ணெய், நானே போட்டுர்றேன் நீ இருன்னேன். சரின்னா. அப்புறம் பேங்க், இன்சூரன்ஸ், மக பள்ளிக்கூடத்துத் தாள், வருமானவரி, கார் லோன், எல்லாத்துலயும் அவ பேரை நான்தான் கிறுக்கினேன், இங்கிலீஷ்ல, முன்னால ஒரு எஸ், பின்னால ஒரு கோடு, கோட்டுக்கடியில ஒரு சுழி. அந்தச் சுழி என் சொந்தக் கண்டுபிடிப்பு. ஒரு பய கேட்டதில்லை. பேங்க்காரன் கேட்கலை, வரிக்காரன் கேட்கலை, பள்ளிக்கூடத்துல அந்தச் சுழியைப் பார்த்துட்டு ஒரு டீச்சர் உங்க கையெழுத்து ரொம்ப அழகுன்னு செண்பகத்துக்கிட்டயே சொல்லிருக்கா, இவ வீட்டுல வந்து சொல்லிச் சிரிச்சா. சிரிச்சாதானே? சிரிச்சான்னுதான் ஞாபகம். அவ சொந்தக் கையெழுத்து எப்படி இருக்கும்னு எனக்கு மறந்தே போச்சு. தமிழ்ல போடுவா. செ-வுல ஆரம்பிச்சு லி வரைக்கும் ஒரு எழுத்து விடாம, புள்ளியெல்லாம் தனித்தனியா வச்சு, அவசரமே இல்லாம எழுதுவா, ஒரு கையெழுத்துக்கு அரை நிமிஷம் எடுக்கும், பின்னால நிக்கிறவன் உச்சுக்கொட்டுவான், எனக்கு மானம் போகும். அதான் நான் போட ஆரம்பிச்சேன். ஒரே ஒரு இடத்துல மட்டும் கோட்டை விட்டுட்டேன். கார் லைசென்ஸ் வாங்கப் போன அன்னைக்கு எனக்கு பார்க்கிங் கிடைக்கலை, சுத்திக்கிட்டே இருந்தேன், அவ தனியா உள்ள போயி, போட்டோவுக்கு நின்னு, எந்திரத்துல அவ கையாலயே கையெழுத்துப் போட்டுட்டு வந்துட்டா. தமிழ்ல. இந்தத் தேர்தல் ஆபீஸ்காரன் அந்தக் கையெழுத்தைத்தான் எடுத்து வச்சுக்கிட்டு ஒத்துப் பார்க்கிறான். பத்தொம்பது வருஷத்துல அவ தானாப் போட்ட ஒரே கையெழுத்து, அது வந்து என் கழுத்தைப் பிடிக்குது.

முக்கியமானதைச் சொல்லாம சுத்துறேன் பாருங்க, கையெழுத்து, கவர், லைசென்ஸ்னு. விஷயம் அதுவா? கையெழுத்தோட போயிருந்தா நான் இப்படி வேர்த்து ஊத்திக்கிட்டு உக்காந்திருக்க மாட்டேன். வெளியில மலை மேல பனி விழுந்து கிடக்கு, எனக்குக் கக்கத்துல தண்ணியா ஓடுது. தேர்தலுக்குப் பத்து நாள் முன்னால, சனிக்கிழமை மத்தியானம் மூணு மணி. செண்பகம் முதியோர் இல்லத்துல வேலைக்குப் போயிருந்தா, அஞ்சு மணிக்கு வந்துருவா. ரெண்டு மணி நேரம். ரெண்டே ரெண்டு மணி நேரம் பொறுத்திருக்கலாம்ல? என் சீட்டை முடிச்சேன், பேனா கையிலயே இருந்துச்சு, அவ சீட்டு பக்கத்துலயே இருந்துச்சு, சரி இதையும் முடிச்சுருவோம்னு... இல்லை. இப்படித்தான் ஒவ்வொரு தடவையும் சொல்லிக்கிறேன், இந்த இடத்துல வந்து நின்னுபோகுது. பிரிட்ஜ் கதவுல ஒரு வேட்பாளர் போட்டோ போட்ட அட்டை ஒட்டியிருந்துச்சு. மார்லீன்னு ஒரு அம்மா, தோக்கிற கட்சி, வருஷக்கணக்கா பள்ளிக்கூட பஸ் ஓட்டின அம்மா, அறுபது வயசுக்கு மேல இருக்கும், ஆகஸ்ட் மாச வெயில்ல வீடு வீடா நடந்து எங்க வாசலுக்கும் வந்துச்சு. முகமெல்லாம் தக்காளி நிறம். செண்பகம் உள்ள கூப்பிட்டு மோர் கொடுத்தா, பெருங்காயம், கறிவேப்பிலை எல்லாம் போட்டு. அந்தம்மா ஒரு மடக்குக் குடிச்சுட்டு இருமி, கண்ணுல தண்ணி வந்து, இன்னொரு டம்ளர் கேட்டு வாங்கிக் குடிச்சுது. நான் தோத்துருவேன், அது எனக்குத் தெரியும், இருந்தாலும் உங்க ஓட்டை எனக்குப் போடுங்கன்னு கேட்டுச்சு. என்னைப் பார்த்துக் கேட்கலை. செண்பகத்தைப் பார்த்து. அன்னைக்கு ராத்திரிச் சாப்பாட்டுல இதே பேச்சுதான். “ஜெயிக்கிறவன் ஒருத்தனாச்சும் நம்ம வாசப்படி ஏறியிருக்கானா? இந்தம்மா வந்து கேட்டுச்சுங்க. எங்கிட்ட கேட்டுச்சு.” அந்த எங்கிட்டங்கிறதை எத்தனை தடவை சொல்லிருப்பா. அட்டையை அவளே பிரிட்ஜ்ல ஒட்டினா. நான் பால் எடுக்கும்போதெல்லாம் அந்தம்மா என்னைப் பார்த்துச் சிரிக்கும். அன்னைக்கும் சிரிச்சுது. மூணு மணிக்கு நான் சாப்பாட்டு மேசையில உக்காந்திருந்தேன், நேர் எதிர பிரிட்ஜ், நிமிந்து பார்த்தேன். பார்த்துட்டுத்தான் குனிஞ்சு ஜெயிக்கிறவன் பேருக்கு நேரா வட்டத்தைக் கறுப்பாக்கினேன். அவ சீட்டுல. போதுமா? சொல்லிட்டேன். மறதியும் இல்லை, அவசரமும் இல்லை.

ஏன்னு கேட்டா என்ன சொல்ல. பயம்தான். தெருவுல அத்தனை வீட்டுப் புல்வெளியிலயும் ஜெயிக்கிறவன் பேர் போட்ட பலகை, என் மேனேஜர் வீட்டுல மூணு பலகை, ஆபீஸ்ல மத்தியானச் சாப்பாட்டுல நம்ம ஆளு எத்தனை வித்தியாசத்துல வருவான்னு பேச்சு, நம்மங்கிறப்ப என் தோளையும் ஒருத்தன் தட்டுவான், நானும் தலையாட்டுவேன். கவர் மேல கோடு கோடா அச்சடிச்சிருக்கானே, அதை வச்சு யாரு யாருக்குப் போட்டாங்கன்னு கண்டுபிடிச்சுட்டா? இந்தத் தொகுதியில தோக்கிற கட்சிக்குப் போட்ட ஒரே செண்பகவல்லின்னு தெரிஞ்சுபோச்சுன்னா? கிறுக்குத்தனம்னு எனக்கே தெரியுது. எதுக்கு வம்பு, எதுக்கு வம்புன்னே என் ஆயுசுல பாதி ஓடிருச்சு. அதுகூட முழு உண்மை இல்லை. அவ எங்கிட்ட கேட்காம ஒரு முடிவு எடுத்து, அதைப் பிரிட்ஜ்ல வேற ஒட்டி வச்சிருந்தா பாருங்க, அது எனக்கு உறுத்துச்சு. சீ, என்ன மனுஷன் நான். நாப்பத்தி நாலு ஓடுது. நாப்பத்தி மூணு எப்பப் போச்சு?

அவளுக்கு இது மொத ஓட்டு. இங்க குடியுரிமை வாங்கி ஒரு வருஷம்தான் ஆகுது. சரி, அங்க, இந்தியாவுல? கல்யாணமான புதுசுல சொன்னா, சிரிச்சுக்கிட்டேதான் சொன்னா. கோவில்பட்டியில இருபத்தோரு வயசுல லிஸ்ட்டுல பேர் வந்து, புதுச்சேலை கட்டி, பள்ளிக்கூடத்துல வரிசையில ஒன்றரை மணி நேரம் நின்னு உள்ள போனா, மேசையில இருந்தவர் லிஸ்ட்டைப் புரட்டிப் பார்த்துட்டு, “உங்க ஓட்டு காலையிலயே விழுந்துருச்சும்மா”ன்னாராம். எவளோ வந்து இவ பேரைச் சொல்லிப் போட்டுட்டுப் போயிட்டா. நான்தான் சார் செண்பகவல்லின்னு இவ சொல்லச் சொல்ல பின்னால நின்னவங்க எல்லாம் சிரிச்சாங்களாம். வீட்டுக்கு வந்து சேலையை மாத்தாம குப்புறப்படுத்து அழுதிருக்கா. அதை என்கிட்ட சொன்னப்ப நான் அந்தக் கள்ள ஓட்டுப் போட்டவளைத் திட்டித் தீர்த்தேன், அவ விளங்குவாளான்னு. செண்பகத்துக்கு அப்ப என் மேல ஒரு பெருமை வந்துச்சு, முகத்துல தெரிஞ்சுது. நல்ல இடத்துலதான் வாக்கப்பட்டிருக்கோம்னு நினைச்சிருப்பா. கள்ள ஓட்டு. அந்த வார்த்தையை இத்தனை நாளா நான் மனசுக்குள்ளகூடச் சொல்லலை, சுத்தி வளைச்சுப் போயிக்கிட்டே இருந்தேன். அவளும் சொல்லலை. அந்தச் சனிக்கிழமை அஞ்சு மணிக்கு வேலை முடிஞ்சு வந்து, கையைக் கழுவிட்டு, மேசையைத் துடைச்சு, “என் சீட்டு எங்கங்க, காபி குடிச்சுட்டு உக்காந்து போடணும்”னு கேட்டா. போட்டாச்சுன்னேன். என்ன போட்டாச்சு? ரெண்டையும் போட்டு தபால்பெட்டியில சேத்துட்டேன். அவ துடைச்ச இடத்தையே திரும்பத் துடைச்சா. “நான் இன்னும் போடலையே”ன்னா. நான் என்ன சொன்னேன் தெரியுமா? இந்த ஊர்ல யார் போட்டாலும் அவன்தான ஜெயிக்கப்போறான், நீ போட்டா என்ன நான் போட்டா என்னன்னேன். டிவி சத்தத்தைக் கூட்டினேன். கொஞ்ச நேரம் கழிச்சு, யாருக்குன்னு கேட்டா. நான் சத்தத்தை இன்னும் கூட்டினேன். மறுநாள் காலையில பால் எடுக்கப் போனா பிரிட்ஜ் கதவு காலியா இருந்துச்சு.

நாப்பத்தஞ்சு. கவர் மேலயே போட்டுருக்கான், அடுத்தவர் பேர்ல கையெழுத்துப் போட்டா குற்றம், அபராதம், ஜெயிலும் உண்டுன்னு. லெட்டர் கூட ஒரு தாள் இணைச்சிருக்கான், ரெண்டு கட்டம். இது என் கையெழுத்துதான்னு ஒண்ணு. இது என் கையெழுத்து இல்லைன்னு ஒண்ணு. ரெண்டாவதுல கோடு போட்டா, இல்லை ஒண்ணுமே பதில் சொல்லாம விட்டா, விஷயம் அரசாங்க வக்கீலுக்குப் போகும். இதைப் படிச்ச அன்னைக்கே எனக்கு வேலை போயிருச்சு, வீடு போயிருச்சு, காலேஜுல இருக்கிற மகளுக்குப் போன் வந்துருச்சு, எல்லாம் மனசுக்குள்ள. செண்பகம் லெட்டரை ரெண்டு தடவை படிச்சா. “வியாழக்கிழமை லீவு போடுங்க, ஒம்பது மணிக்குப் போவோம்.” அவ்வளவுதான் பேச்சு. நேர்ல எதுக்கு, தபால்ல அனுப்பலாமேன்னேன். “நேர்லயும் வரலாம்னு போட்டுருக்கு.” கார்ல வரும்போது முக்கால் மணி நேரம் சிக்னலுக்குச் சிக்னல் வாயெடுத்தேன், எந்தக் கட்டம்னு கேட்க. வரலை. என்ன உரிமையில கேட்க? ஆனா கேட்டேன். இப்ப, இந்த நாற்காலியில, நாப்பத்தாறு வந்ததும் குனிஞ்சு அவ காதுகிட்ட, “செண்பகம், ஆமான்னு சொல்லிரும்மா”ன்னு கெஞ்சினேன். கல்யாணத்துக்கப்புறம் அவகிட்ட நான் கெஞ்சினது இதான் மொத தடவை. பொய் சொல்லுன்னு கெஞ்சுறேன். அவ கைப்பையோட வாரைச் சரிபண்ணிக்கிட்டே, “கேட்கப்போறது எங்கிட்ட. நீங்க பேசாம இருங்க”ன்னா. கோவமே இல்லாம சொன்னா. கோவப்பட்டிருந்தா எவ்வளவோ தேவலை. இன்னமும் நேரம் இருக்கு, நான் எந்திரிச்சு கவுன்டருக்குப் போயி, அம்மா, அது நான் போட்ட கையெழுத்து, ஓட்டும் நான் போட்டது, இவளுக்குச் சம்பந்தமில்லைன்னு சொல்லிரலாம். ஒரு பத்தடி தூரம். சொல்லிட்டா விட்டுது. எந்திரிக்கணும். எந்திரிக்கிறேன். இவ பொய் சொல்ல வேண்டியதில்லை பாருங்க, நான் எந்திரிச்சுட்டா. வக்கீல் வச்சுப் பார்த்துக்கலாம், மொத தப்புக்கு அபராதத்தோட விட்டுருவாங்கன்னு இன்டர்நெட்ல ஒருத்தன் எழுதியிருந்தான், நாப்பத்தேழு.

அவ எந்திரிச்சுட்டா. நானும் எந்திரிச்சேன், ஆனா அவளுக்கு ரெண்டு அடி பின்னாலதான் நின்னேன், அங்கயே நின்னுட்டேன். கண்ணாடி அம்மா லெட்டரை வாங்கி ஷென், ஷென்பான்னு திணறுச்சு. இந்த மாதிரி இடத்துலயெல்லாம் நான்தான் முன்னால போயி பேரை உடைச்சு உடைச்சுச் சொல்வேன். இன்னைக்கு அவளே சொன்னா, செண்பகவல்லின்னு, முழுசா. அந்தம்மா திருப்பிச் சொல்லிப் பார்த்துச்சு, பாதி சரியா வந்துச்சு, ரெண்டு பேரும் சிரிச்சாங்க. அப்புறம் கம்ப்யூட்டர் திரையைத் திருப்பிக் காட்டுச்சு. மேல அவ தமிழ்க் கையெழுத்து. கீழ என் எஸ், என் கோடு, என் சுழி. எவ்வளவு பெருசாக் காட்டுது அந்தப் பாழாப்போன திரை. “கவர்ல இருக்கிற இது உங்க கையெழுத்தாம்மா?” செண்பகம் பார்த்துக்கிட்டே இருந்தா. அப்புறம் மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தா. முறைக்கலை. என் வாயைப் பார்த்துக்கிட்டு நின்னா, நான் என்ன சொல்லப்போறேன்னு. நேரம் கொடுத்தா. சாமி சத்தியமாச் சொல்றேன், எனக்கு வேணுங்கிற அளவுக்கு நேரம் கொடுத்தா. நான் சுவத்துல ஒட்டியிருந்த அலுவலக நேரம் எட்டு முதல் அஞ்சு வரைங்கிற தாளைப் படிச்சேன். திரும்பத் திரும்ப அதையே படிச்சேன். “ஆமா, என்னுதுதான்”னு அவ குரல் கேட்டுச்சு. அப்ப இந்தத் தாள்ல ஒரு தடவை போடுங்கன்னு அந்தம்மா பேனாவை நீட்டுச்சு. செண்பகம் குனிஞ்சா. ஒரு எஸ், ஒரு கோடு, கோட்டுக்கடியில சுழி. அச்சு அசலா நான் போடுறது. எத்தனை தாள்ல பார்த்திருப்பா, அவ பேரை நான் எழுதுறதை. அரை நொடிகூட ஆகலை.

அவ்வளவுதான், இப்ப உங்க ஓட்டு கணக்குல சேர்ந்துரும்னு அந்தம்மா சந்தோஷமாச் சொல்லிட்டு, மொத தடவையா ஓட்டுப் போடுறீங்களான்னு கேட்டுச்சு. ஆமான்னா செண்பகம். உடனே அந்தம்மா எந்திரிச்சு நின்னு, மத்த கவுன்டரையெல்லாம் பார்த்து, இவங்களுக்கு இது மொத ஓட்டுன்னு சத்தமாக் கத்துச்சு. அங்க ஒரு வழக்கம் போல. உள்ள இருந்த நாலு பேரும் கை தட்டினாங்க. நாற்காலியில காத்துக்கிட்டு இருந்தவங்க தட்டினாங்க, தடி வச்சிருந்த பெரியவர் தடியால தரையைத் தட்டினார். எல்லாரும் என்னையும் பார்க்கிறாங்க. நானும் தட்டினேன். செண்பகம் நடுவுல தலையைக் குனிஞ்சுக்கிட்டு நின்னா, கண்ணு நிறைஞ்சிருந்துச்சு, அவங்க அதைச் சந்தோஷம்னு நினைச்சுக்கிட்டு இன்னும் பலமாத் தட்டினாங்க. நான் ஓட்டுப் போட்டேன்னு எழுதின ஒரு வட்டமான ஸ்டிக்கரை அந்தம்மா அவ கையில கொடுத்துச்சு. அதை வாங்கிக்கிட்டு நேரா என்கிட்ட வந்தா. பின்பக்கத் தாளை நிதானமா உரிச்சா. என் சட்டையில, நெஞ்சுக்கு நேரா ஒட்டினா. ஓரம் தூக்கிக்காம இருக்கக் கட்டைவிரலால சுத்தி அழுத்தி விட்டா.

“நீங்கதான போட்டீங்க”ன்னா.

எங்க பாஷை புரியாத கண்ணாடி அம்மா அங்க இருந்து எங்களையே பார்த்துக்கிட்டு இருந்துச்சு. என்ன தங்கமான ஜோடின்னு பக்கத்துல இருந்தவங்ககிட்டச் சொல்லிட்டு, எனக்கும் ஒரு தடவை கை தட்டுச்சு.